வேலைநிறுத்தத்துக்கு முன்னால் இருக்கும் வேலை

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் வருவதற்குள், ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். எங்கோ ஒரு நாட்டில் விமானிகள் வேலைநிறுத்தம். "பாருங்கண்ணே, ரெண்டு நாள் ஓட்டல, கம்பெனி இறங்கி வந்துருச்சு. நாமளும் நாளைக்கு கேட்டுக்குள்ள போகாம நின்னா என்ன?"

தொழிற்சங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஓர் ஆலையில் காலை ஷிப்டே வாசலில் நின்றுவிட்டது. வாக்கெடுப்பும் இல்லை, சங்கத்துக்குத் தகவலும் இல்லை. மதியத்துக்குள் விளக்கம் கேட்டு ஆளுக்கொரு கடிதம். சம்பளப் பேச்சு அப்படியே கிடக்க, வேலையைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

விமானிகளின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்து விமானிகள், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யலாம் என்று வாக்களித்தார்கள். வாக்களித்தவர்களில் 99 விழுக்காட்டினர் சம்மதம். அந்த நாட்டுச் சட்டப்படி அப்போது அவர்கள் நிற்கவே முடியாது. மத்தியஸ்தம் முடிந்து, அதற்கப்புறம் 30 நாள் பொறுக்க வேண்டும். ஒரு நாள்கூட நிற்கவில்லை. 2023 மார்ச்சில் நான்கு ஆண்டுகளில் 34 விழுக்காடு சம்பள உயர்வுக்கு ஒப்பந்தம் முடிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த 99 நன்றாகவே புரிந்திருக்கும்.

விமானிகள் தோற்ற கதையும் உண்டு. 1989-இல் ஆஸ்திரேலிய விமானிகள் 29.47 விழுக்காடு சம்பள உயர்வு கேட்டு, காலை 9 முதல் மாலை 5 வரைதான் ஓட்டுவோம் என்றார்கள். பிரதமர் பாப் ஹாக் தொழிற்சங்கத் தலைவராக இருந்து வந்தவர்தான். ஆனாலும் பயணிகளை ஏற்ற ஆகாயப்படை விமானங்களைக் களமிறக்கினார். நிறுவனங்கள் வழக்குப் போட, விமானிகள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். என்னைக் கேட்டால், சங்கத்தின் முதுகெலும்பு அங்கேதான் முறிந்தது. வேலையை விட்டவனுக்காகச் சங்கம் எந்த மேசையில் போய் உட்காரும்?

நம் மலேசியாவிலும் பார்த்தோம். 1979-இல் மாஸ் விமான நிறுவன ஊழியர்கள் விதிப்படி மட்டும் வேலை செய்தபோது, சங்கத் தலைவர்கள் விசாரணையின்றி அடைத்து வைக்க இடம் தந்த இசா சட்டத்தில் கைதானார்கள், சங்கத்தின் பதிவும் ரத்தானது. 1980-இல் தொழிற்சங்கச் சட்டங்கள் இன்னும் இறுக்கப்பட்டன.

அதனால் தம்பியிடம் விரல்விட்டுச் சொன்னேன். இங்கே ரகசிய வாக்கெடுப்பில் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். வந்தவர்களில் அல்ல, வாக்குரிமை உள்ள மொத்த உறுப்பினர்களில். வராதவரும் எதிர்ப்புக் கணக்கில்தான் போய்ச் சேருவார். முடிவைத் தொழிற்சங்க விவகார இலாகாவிடம் கொடுத்து ஏழு நாள் காத்திருக்க வேண்டும். தகராறு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. சங்கமும் கம்பெனியும் போட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் விஷயத்துக்காகவும் கூடாது. அந்த ஒப்பந்தமோ குறைந்தது மூன்று ஆண்டுக்கு. ஆகவே அது முடியப்போகும் மாதங்கள்தான் நமக்குப் பொன்னான நேரம்.

"உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது தம்பி?"

தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "தெரியலண்ணே. அதை நான் பார்த்ததே இல்ல."

கிளைச் செயலாளருக்கு அங்கேயே போன் போட்டோம்.