மிதந்த துளி

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் அவ்வப்போது ரத்ததான முகாம் நடக்கும். முடிந்தபோதெல்லாம் நானும் போய் உட்காருவேன். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் துளி மளமளவென்று அடியில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் மிதக்கும், அன்றைக்கு ரத்தம் கொடுக்க முடியாது. பெண்கள் வரிசை வந்ததும் மிஸியின் (நர்ஸின்) குரல் மாறும். "அடுத்த முறை வாங்க அக்கா" என்று எத்தனை பேரிடம் சொல்வாரோ! அவர்களும் கூச்சத்தோடு சிரித்து, ஒரு மைலோவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதோடு சரி. மிதந்த துளி என்ன சொன்னது என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை.

அப்படித் திரும்பிய ஒரு அக்கா (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சில வாரம் கழித்து என் கிளினிக்குக்கு வந்தார். வயது 41, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. வந்தது ரத்தத்துக்காக அல்ல, கால் குடைச்சலுக்காக. படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லையாம். கூட வந்த மகள்தான் போட்டுக்கொடுத்தாள்: "டாக்டர், அம்மா நாள் முழுக்க ஐஸ் கட்டியக் கடிச்சுக்கிட்டே இருக்காங்க. நடு ராத்திரியில நறநறன்னு சத்தம், என்னால தூங்க முடியல."

சிலருக்கு ஐஸ், சிலருக்குப் பச்சரிசி. சாமி மேடையிலிருந்து விபூதியை அள்ளி வாயில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டு வாங்குவார்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். உள்ளே இரும்பு ஏறத் தொடங்கினால், ரத்தம் முழுசாக ஊறும் முன்பே அந்த ஆசை அடங்கிவிடும். கால் குடைச்சலும் அதே கூட்டம்தான்.

அந்த அக்காவுக்கு ஹீமோகுளோபின் 9.4; உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 5.

முடிவைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: "என்ன சாப்பிடணும் டாக்டர்? பீட்ரூட்டா, பேரீச்சையா?" பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பேரீச்சம்பழத்திலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புதான். நம் பாட்டிமார் ஆக்கிக் கொடுத்த சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் எவ்வளவோ மேல். (கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கலாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.) ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: மாதா மாதம் எவ்வளவு போகிறது?

"எல்லாருக்கும் போறாப்பலதான் டாக்டர்." இந்தப் பதிலை நான் நம்புவதே இல்லை. அடுத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் துருவுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் பேட் நனைகிறதா? ராத்திரியில் மாற்ற எழுந்திருக்கிறீர்களா? 50 காசு நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா? மூன்றுக்கும் அக்கா தலையாட்டினார். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்."

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். அதிலும் ஒரு பங்கு அன்றாடத் தேய்மானத்துக்கே போய்விடும். ஓட்டை வாளியில் எத்தனை பேரீச்சையைப் போடுவது? ஸ்கேனில் அவருடைய கருப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. அதற்குரிய வைத்தியம் தனியாக நடந்தது.

மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, அதை எதோடு விழுங்குகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். காலையில் ரொட்டி சானாய், தே தாரிக் (பால் தேநீர்), கூடவே இரும்பு மாத்திரை. தேநீரில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலின் கால்சியமும் தடுக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர், காப்பி வேண்டாம். வெறும் வயிற்றில், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு நல்லது; கொய்யாப்பழத்தோடும் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிடாமல் என்னிடம் வந்து சொல்லுங்கள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. இரும்பை உள்ளே விடும் கதவை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு மாத்திரைக்குப் பிறகு ஒரு நாள்போல் சாத்தி வைப்பதால் இதில் நஷ்டமும் அதிகமில்லை.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கியவர்களின் கணக்கு அது. இறங்காமலே இரும்பு தீர்ந்தவர்கள் அதில் இல்லை. தட்டில் சோறு விழுந்துகொண்டிருக்கும்வரை அரிசி டின் காலியாவது வீட்டில் யாருக்குத் தெரிகிறது? ஹீமோகுளோபின் தட்டுச் சோறு, ஃபெரிட்டின் அரிசி டின். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் பெரும்பாலும் இருக்காது, கேட்டு எடுங்கள். 15-க்குக் கீழ் என்றால் டின் காலி. 30-க்குக் கீழ் என்றாலே நான் கவனிப்பேன். காய்ச்சல், வீக்கம் உள்ள நேரத்தில் அது பொய்யாக உயர்ந்து காட்டும்.

ஃபெரிட்டின் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவோரையும் பார்க்கிறேன். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் அவர் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் கேரியராகவும் (மரபணுவைச் சுமப்பவராகவும்) இருக்கலாம். படிவம் 4 (16 வயது) மாணவர்களுக்கு 2016 முதல் பள்ளியிலேயே இதைப் பரிசோதிக்கிறார்கள். அவர்களின் அம்மாமார் பலர் பார்த்ததே இல்லை.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்வேன். நின்ற பிறகும் இரும்பு குறைகிறது என்றால், வேறு எங்கோ கசிகிறது. முட்டிவலி மாத்திரையால் வந்த வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம். அங்கே மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபின் அளவை மட்டும் ஏற்றுவது தவறு. வயிற்றிலும் குடலிலும் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

நான்கு மாதம் கழித்து அந்த அக்கா வந்தார். ஐஸ் டிரேயில் தண்ணீர் ஊற்றவே மறந்துபோகிறதாம். ஹீமோகுளோபின் 12.7. "அப்ப இந்த முறை துளி முங்கிடும்ல டாக்டர்? ஞாயித்துக்கிழமை முகாம் இருக்கு."

முங்கும்தான். ஆனால் ஃபெரிட்டின் 18. ஒரு பை ரத்தத்தோடு 200 மில்லிகிராம் இரும்புக்கு மேல் போய்விடும்.

"இன்னும் மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க அக்கா, அப்புறம் பார்ப்போம்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, மைலோ குடிக்கவாவது வரலாம்ல?" என்றார்.