எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்பவருக்கு எவ்வளவு மொழி மிச்சம்?

பாரிசவாதம் வந்த தகப்பனார் எதைக் கேட்டாலும் 'ஓம்' என்கிறார், பாதிப்பு எவ்வளவு என்று எப்படி அறிவது? அக்கரைப்பற்று வாசகி ஒருவரின் கேள்வி.

நாக்குக் குழறல் வேறு, மொழியிழப்பு வேறு. குழறுபவர் எழுதும் கை இயங்கினால் எழுதிக் காட்டிவிடுவார். மொழியிழந்தவருக்கு எழுத்தும் தடுமாறும். பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருக்கும்.

அளப்பதற்குப் பரவலாகப் பயன்படுவது நரம்பியல் மருத்துவர் ஆண்ட்ரூ கெர்டெஸ் 1982இல் வெளியிட்ட வெஸ்டர்ன் அபேசியா பட்டரி என்ற ஆங்கில மொழியிழப்புப் பரீட்சை. தானாகப் பேசுவதற்கு 20 புள்ளி. விளங்குதல், திருப்பிச் சொல்லுதல், பெயர் சொல்லுதல் ஒவ்வொன்றுக்கும் 10. கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். 93.8க்குக் கீழ் வந்தால் பாதிப்பு உண்டு. 50 வரை கடுமை, 25 வரை மிகக் கடுமை.

விளங்குதலைச் சோதிக்கும் 'ஓம்', 'இல்லை' கேள்விகளில், 'ஓம்' மட்டும் சொன்னாலே பாதி தற்செயலாகச் சரியாகிவிடும். அதனால் மாற்றிக் கேளுங்கள்: "தேங்காயை உடைச்சிட்டா துருவுற?" "துருவிட்டா உடைக்கிற?" இரண்டுக்கும் 'ஓம்' வந்தாலும் விளங்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள், வாய் தானாகச் சொல்லியிருக்கலாம். சாவி, கரண்டி, சீப்பை வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் அந்தப் பொருளுக்குப் போகக் கூடாது. வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், இடப்பக்கமாக வையுங்கள்.

பெயர் சொல்லும் பகுதிதான் அற்புதமானது. 20 பொருள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. 'சீப்பு' என்றால் 3 புள்ளி. 'தீப்பு' என்று ஒலி பிசகினால் 2. "சீ..." என்று எடுத்துக்கொடுத்த பிறகு வந்தால் 1. சீப்பைக் கண்டதும் அதன் பொருள் மூளையில் விழித்துக்கொள்கிறது. தலைவாருவதுபோலக் கையும் அசையும். கண்ணாடி, எண்ணெய் என்று பக்கத்துச் சொற்களும் கூடவே கிளம்பும். சொல்லின் ஒலி வடிவத்துக்கு மட்டும் போதிய உந்துதல் கிடைப்பதில்லை. 'சீ' அந்தக் குறையை நிரப்பிப் போட்டிச் சொற்களைப் பின்தள்ளுகிறது. அந்த ஒற்றைப் புள்ளிக்கு, சொல் அழியவில்லை என்று அர்த்தம். பேச்சு சிகிச்சையாளர் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

முதல் வாரங்களில் புள்ளி வேகமாக மாறும், திரும்ப அளக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சையை அப்படியே தமிழாக்கினால் வசனத்தின் கடினம் மாறிப்போகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சுவழக்கில் தரப்படுத்திய பரீட்சை வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஆய்வுப் பணம் ஒதுக்குவது நியாயமான செலவு.

திடீரென்று பேச்சு நின்றால் செய்வினை என்று மந்திரிக்கக் கொண்டுபோகாதீர்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணித்தியாலம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.