நாடு என்ன அடுக்குமாடியா?

‘நேஷன் பில்டிங்’ என்ற ஆங்கிலத் தொடரைத் ‘தேசக் கட்டுமானம்’ என்று தமிழாக்கியதைப் பார்ப்பது இந்த மாதத்தில் மூன்றாவது முறை. ‘தேசக் கட்டுமானத்தில் ராணுவத்தின் பங்கு’ என்று ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை வாங்கிப் படித்த அம்மா, தெக்கோங் தீவு ராணுவப் பயிற்சி முகாமிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் அக்கா மகனிடம், “ஏம்ப்பா, கட்டட வேலையும் செய்யச் சொல்றாங்களா?” என்று கேட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் கட்டுமானம் என்றால் பாரந்தூக்கி, சிமெண்டு, தலைக்கவசம். ‘நேஷன்’ இலத்தீனில் பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, அதாவது மக்கள். தேசம் வடமொழியில் இடம். ஆக, முதல் பாதியிலேயே ஆட்கள் போய் மண் வந்துவிட்டது. அதன் தலையில் கட்டுமானத்தையும் ஏற்றினால்?

‘கட்டு’ என்றால் பிணைப்பதும்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். வினையில் உண்டு, சரி. பூவைக் கட்டலாம், மூட்டையைக் கட்டலாம். ‘பூக்கட்டுமானம்’ என்று எந்தப் பூக்கடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? ‘மானம்’ வந்து ஒட்டியதும் சொல் நேராகக் கட்டடத்துக்குப் போய்விடுகிறது. இன்னொரு வேடிக்கை: ‘தேச நிர்மாணம்’ வடமொழி என்று அதை ஒதுக்கச் சொல்கிறவர்கள் நிர்மாணத்தை மட்டும் தள்ளிவிட்டுத் தேசத்தைக் கைவசம் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத் தொடரை இரண்டாக உடைத்து, ஆளுக்கொரு சொல்லை அகராதியில் எடுத்துப் பூசினால் அது மொழிபெயர்ப்பா? கொத்து வேலை.

என் கட்சி ‘நாடாக்கம்’. ‘காடு கொன்று நாடாக்கி’ என்று கரிகாலனைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே நிலம் திருத்தியதுதான் பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்குவது என்றால் ஒன்று இன்னொன்றாக மாறுவது. அரிசியைச் சோறாக்குகிறோம், கட்டுவதில்லை. 1964இல் இனக்கலவரம் பார்த்த ஊர் இது. மூன்றே ஆண்டுகளில், 1967இல், கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவைக்குச் சுமார் 9,000 இளைஞர்கள் பதிந்துகொண்டார்கள். இன்றும் ‘செடியா’ என்று மலாயில் கட்டளை வந்தால் சீனப் பையனும் நம் பையனும் ஒரே நொடியில் விறைத்து நிற்கிறார்கள். செங்கல் அடுக்கியா இது வந்தது?

அப்புறம், ஆக்கியது சரியாக வேகாமலும் போகலாம். தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் சேவைக்கு அழைக்கப்படவில்லை. அந்தக் கதையைப் பேசவும் ‘நாடாக்கம்’ இடம் தருகிறது. கட்டுமானத்தில் அதிகம் போனால் ஒரு விரிசலைத்தான் காட்டலாம், அதற்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பையன் சொன்ன பதிலை விட்டுவிட்டேனே. “கட்டவெல்லாம் சொல்லல பாட்டி. தினமும் காலையில கூட்டத்தான் சொல்றாங்க.”