அசெஸ்மென்ட்: மதிப்பீடா, வரிவிதிப்பா, வரிக்கணக்கா?

"வீட்டுக்கு அசெஸ்மென்ட் போட்டாச்சா?" "இந்தத் தடவை அசெஸ்மென்ட்டில் பரப்பைக் கூட்டிட்டாங்க." "அசெஸ்மென்ட் யார் பேர்ல இருக்கு?" சொல் ஒன்று, பொருள் மூன்று. முதலாவது சொத்துவரி விதிப்பதைச் சொல்கிறது. இரண்டாவது, சொத்தின் மதிப்பைக் கணிப்பதை. மூன்றாவது, உள்ளாட்சிப் பதிவேட்டில் அந்தச் சொத்துக்கு உள்ள கணக்கை. வரி தொடர்பான மனுக்கள் பல தள்ளுபடியாவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்: மதிப்பைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வரித்தொகையைப் பற்றி எழுதிவிடுகிறார்கள்.

இலத்தீனில் 'அசிதேரே' என்றால் அருகில் உட்கார்தல். நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்து ஆலோசனை சொன்ன துணையாளர் 'அசெசர்'. இடைக்கால இலத்தீனில் அந்த வேரிலிருந்து வரித்தொகையை முடிவுசெய்வதற்கு ஒரு வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சட்டைக்கும் செருப்புக்கும் நாம் சொல்லும் 'சைஸ்' கூட இதே வேர்தான். உட்கார்ந்து முடிவுசெய்த அளவு என்பது அதன் பழைய பொருள்.

தமிழில் பெரும்பாலும் மதிப்பீடு என்றே மொழிபெயர்க்கிறார்கள். மதிப்பிடு என்ற வினையில் உள்ள 'இடு' நீண்டு 'ஈடு' ஆனது. கெடு, கேடு ஆவதைப் போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆகவே இந்த 'ஈடு' இழப்பீடு தரும் ஈடு அல்ல. இலங்கையில் ஆதனவரி, சோலைவரி என்பவற்றோடு மதிப்பீட்டு வரி என்றும் வழங்குகிறது. நல்ல சொல்தான், ஆனால் மூன்று பொருளையும் அதன் தலையில் ஏற்றக்கூடாது. மதிப்பைக் கணிப்பது மதிப்பீடு; அதன்மேல் வரியைச் சுமத்துவது வரிவிதிப்பு; பதிவேட்டில் உள்ளது வரிக்கணக்கு, அதன் எண் வரிவிதிப்பு எண். பதிவேட்டில் ஏற்றுவதற்குச் சோழர் கல்வெட்டுகளில் 'வரியிலிடுதல்' என்ற வழக்கு உண்டு. வரிக்கணக்கு என்ற சொல் அதற்கு அந்நியமாகாது.

மதிப்பீட்டில் பிழை என்றால் தேடவேண்டியவை: பரப்பு, கட்டடத்தின் வயது, பயன்பாடு, எந்த மண்டலம், எத்தனை தளம். பரப்பில்தான் அதிகம் தவறும். 9 மீட்டருக்கு 12 மீட்டர் தளம் 108 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 1,162. சுவரின் வெளிப்புறத்தில் அளந்தார்களா, உட்புறத்திலா என்பதையும், விதி எதைச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். இடித்த கொட்டகை பதிவேட்டில் நின்றுகொண்டிருக்கும். மூடிய கடை வணிகப் பயன்பாடாகவே தொடரும். அதே வயதும் பயன்பாடும் உள்ள பக்கத்து வீடுகள் மூன்று நான்கின் மதிப்பை எடுத்து, சதுர அடிக்கு எவ்வளவு என்று வகுத்து மனுவோடு வைத்தால் பேச்சுக்கு அடிப்படை கிடைக்கும். "கட்ட முடியவில்லை" என்பது சலுகை மனுவுக்கான காரணம், மதிப்பீட்டு மனுவுக்கு அது உதவாது. அறிவிப்பில் போட்ட கெடு தாண்டினால் எவ்வளவு நியாயமான மனுவும் பெரும்பாலும் நிற்காது.

வரிவிதிப்பு வேறு கதை. அங்கே பேசவேண்டியது விகிதம், அதை முடிவுசெய்யும் உள்ளாட்சி மன்றம், அதன் பின்னால் இருக்கும் வரவு செலவுத் திட்டம். எல்லாச் சொத்துகளின் மதிப்பும் சேர்த்து 30 கோடி, வரியாகத் தேவைப்படுவது 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2 சதவீதம். 10 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 20,000. மறுமதிப்பீட்டில் மொத்த மதிப்பு 45 கோடி ஆகிறது. தேவை மாறவில்லை என்றால் விகிதம் 1.33 சதவீதமாக இறங்கவேண்டும். 10 லட்சம் வீடு 13 லட்சமாக ஏறியிருந்தால் வரி சுமார் 17,333, அதாவது குறைகிறது. 18 லட்சமாக ஏறியிருந்தால் 24,000. சராசரியைவிட எவ்வளவு அதிகம் ஏறியது என்பதுதான் கணக்கு.

மன்றம் 2 சதவீதத்தையே வைத்துக்கொண்டால்? வசூலாகவேண்டியது 90 லட்சம். "விகிதத்தை ஒரு பைசா உயர்த்தவில்லை" என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது. 30 லட்சம் கூடுதலாக வந்திருக்கும். எந்த உள்ளாட்சியின் அறிக்கையிலும் அந்த வாசகத்தைப் பார்த்தால் உடனே மொத்த மதிப்பு போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று கேட்கவேண்டும். கேட்கும் நேரம் விகிதத் தீர்மானம் நிறைவேறும் முன். அதற்குப் பிறகு தனி வீட்டு மனுவில் இதை எழுதிப் பயனில்லை. விகிதத்தைச் சட்டமே நிலையாக வைத்துள்ள ஊர்களில் மதிப்பு ஏறினாலே வரி ஏறிவிடும், இந்தக் கேள்வி அங்கே இன்னும் அவசரமானது.

வரிக்கணக்குக்குக் கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்திகள் உண்டு. கேட்பு என்பது வரவேண்டிய தொகை. கட்டடங்கள் பெருகியும் கேட்பு அசையாமல் இருந்தால் புதியவை பதிவேட்டில் ஏறவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு எண் இருந்தால் கேட்பு பொய்யாக வீங்கி, வசூலாகாத நிலுவை ஆண்டுதோறும் சேரும். பாகப்பிரிவினைக்குப் பின் பழைய எண்ணை நீக்காமல் விடுவதால் இது நேர்கிறது. போன ஆண்டின் இறுதி நிலுவையும் இந்த ஆண்டின் தொடக்க நிலுவையும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். குறைந்திருந்தால் எவ்வளவு தள்ளுபடியானது, எந்தத் தீர்மானத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சொல்: 'ரீ-அசெஸ்மென்ட்'. அளந்து மதிப்பை மாற்றினால் மறுமதிப்பீடு. மதிப்பை விட்டுவிட்டு வரியை மட்டும் மாற்றினால் வரித் திருத்தம். பெயரை மட்டும் மாற்றுவது இரண்டுமில்லை, அது பெயர் மாற்றம். அதற்காக வீட்டை அளக்க வந்தால் எதற்கு என்று கேட்கலாம்.