கருங்கூந்தலில் கறுப்பு எவ்வளவு?

மினியேச்சர் எனப்படும் குட்டி உருவங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பலர், முகத்துக்கு மூன்று மணி நேரம் செலவழித்துவிட்டு, தலைக்கு மட்டும் குப்பியில் இருக்கும் கறுப்பை அப்படியே அப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முடி கறுப்புதானே என்ற நினைப்பு. சிற்பி செதுக்கிய இழையெல்லாம் மறைந்து, தலையில் தார் ஊற்றியதுபோல் ஆகிவிடும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கறுப்பின்மேல் சாம்பல் நிறத்தை டிரை பிரஷ்ஷால், அதாவது பெயின்ட்டைத் துடைத்தெடுத்த உலர்ந்த தூரிகையால், தேய்ப்பது. முகடுகள் எல்லாம் ஒரே மாதிரி வெளுத்து, இருபது வயது வீரனுக்கு அறுபது வயது நரை விழுந்துவிடும்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். கறுப்பு முடியை நாம் பார்ப்பது அதன் நிறத்தால் அல்ல, மினுக்கத்தால். முடிக்குள் நுழையும் ஒளியில் பெரும்பகுதியை மெலனின் விழுங்கிவிடுகிறது. கண்ணுக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் இழையின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி. அந்த மினுக்கத்துக்கு முடியின் நிறம் கிடையாது, ஒளியின் நிறம்தான். வெட்டவெளியில் நிற்பவரின் தலை வானத்தின் நீலத்தை வாங்கும், தீப்பந்தத்தின் அருகில் நிற்பவரின் தலை காவி கலந்த மஞ்சளை வாங்கும். பொன்னிற முடியில் உள்ளே போன ஒளியும் நிறமேறி வெளியே வருவதால், அடிநிறத்தையே கொஞ்சம் வெளுப்பாக்கினால் ஒப்பேறிவிடும். கறுப்பில் அந்த வித்தை பலிக்காது. ஆகவே பெயின்ட் கலக்குமுன் உருவம் எங்கே, எந்த வெளிச்சத்தில் நிற்கிறது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது மினுக்கம் விழும் இடம். கறுப்பு நூல்கண்டு ஒன்றை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தால் விளங்கும். வெளிச்சம் நூலின் போக்கில் ஓடாது, நூல்களுக்குக் குறுக்கே ஒரு பட்டையாகக் கிடக்கும். தலையிலும் அப்படித்தான். படிய வாரிய முடியில் உச்சிக்கும் காதுக்கும் இடையே, மண்டை வளையும் இடத்தில் அந்தப் பட்டை விழும். வகிடும், காதின் பின்புறமும், பிடரியும் இருட்டாகவே இருக்க வேண்டும். மொத்த முடிப்பரப்பில் முக்கால் பங்கை வெளுக்காமல் விட்டுவைக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இல்லாததால்தான் பல நல்ல உருவங்கள் கெடுகின்றன.

பகல் வெளிச்சத்தில் நிற்கும் உருவத்துக்கு வய்யேஹோ கம்பெனியின் மாடல் கலர் பெயின்ட் வரிசையில் நான்கு குப்பிகள் போதும்: பிளாக் (70.950), ஜெர்மன் கேமஃபிளாஜ் பிளாக் பிரவுன் (70.822), டார்க் பிரஷியன் புளூ (70.899), பேல் கிரே புளூ (70.907). வேறு கம்பெனி பெயின்ட் என்றால் கறுப்பு, கரும்பழுப்பு, கருநீலம், வெளிர் நீலச்சாம்பல் என்று தேடிக்கொள்ளலாம். பெயின்ட் ஒட்டுவதற்காக முதலில் பூசும் பிரைமர் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு பிரைமரின்மேல் இழைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது.

கறுப்பு 2 துளி, கரும்பழுப்பு 1 துளி, தண்ணீர் 3 துளி. இதுதான் அடிப்பூச்சு, இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். நெற்றியோரத்தில் இதை நேர்கோடாக முடித்தால் தொப்பி போட்டதுபோல் இருக்கும். தோலின் நிழல் நிறத்தோடு சரிபாதி கலந்து, ஓரம் முழுக்க நூலளவு இடைநிறம் ஒன்று கொடுத்தால் முடி தோலிலிருந்து முளைக்கும்.

பிறகு அதே கலவையில் கருநீலம் 1 துளி, வெளிர் நீலச்சாம்பல் அரைத் துளி சேர்த்துப் பட்டையை அகலமாக வரையுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தூரிகையை எடுக்கும் இடத்தில்தான் பெயின்ட் அதிகம் தேங்கும். எனவே கோடு பட்டையின் நடுவில் தொடங்கக் கூடாது, அங்கே முடிய வேண்டும். வேர்ப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு, நுனிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு, இரண்டும் பட்டையில் சந்திக்கட்டும். நீளங்கள் ஏறுக்குமாறாக இருக்கட்டும், ஒரே அளவில் நின்றால் சீப்பின் பல் மாதிரி தெரியும்.

அடுத்த வெளுப்பில் பட்டை பாதியாகக் குறுக வேண்டும். கடைசி வெளுப்புக்கு நீலச்சாம்பல் 2, அடிக்கலவை 1. 28 மி.மீ. உயர உருவத்தின் தலை ஏறக்குறைய 4 மி.மீ.தான், அதில் ஐந்தாறு கீற்றுக்கு மேல் தாங்காது. 75 மி.மீ. உருவத்தின் தலை 10 மி.மீ., அங்கே முப்பது கீற்றுகூட இழுக்கலாம். இறுதியாக அடிக்கலவை 1 பங்குக்குத் தண்ணீர் 7 பங்கு ஊற்றி, தூரிகையை டிஷ்யூவில் ஒற்றியெடுத்து, முழு முடிக்கும் ஒரு கிளேஸ், அதாவது அடிநிறம் தெரியும்படியான மெல்லிய பூச்சு. துள்ளி நிற்கும் கீற்றுகள் இதில் அடங்கும். ஒற்றாமல் பூசினால் ஓரங்களில் தேங்கிக் கறை வளையமாகக் காய்ந்துவிடும்.

மூன்று சைபர் தூரிகை வேண்டாம். அதன் நுனியில் இருக்கும் பெயின்ட் உருவத்தைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். நல்ல கூர்முனை கொண்ட 1ஆம் எண் போதும். அந்த முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சில நிறமிகளில் காட்மியமும் கோபால்ட்டும் இருக்கின்றன. குப்பியின்மேல் ‘நச்சற்றது’ என்று எழுதியிருப்பது நக்குவதற்கான அனுமதி அல்ல. ஈர டிஷ்யூவே போதும். ஸ்பிரே பிரைமர் அடிக்கும்போது துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கரைப்பான் ஆவிக்கென்றே உள்ள வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்தான் தடுக்கும். ரெசின் (வார்ப்புப் பிளாஸ்டிக்) உருவத்தை உப்புத்தாளால் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

எல்லா முடிக்கும் இந்தப் பட்டை பொருந்தாது. ஆப்பிரிக்கச் சுருள்முடியில் ஒளி சிதறிவிடும். அங்கே கோடு வேண்டாம், தூரிகை நுனியால் மேல்பக்கத்தில் புள்ளிபுள்ளியாகத் தொட வேண்டும், கடைசி வெளுப்பும் தேவையில்லை. எண்ணெய் தடவிய பின்னல் என்றால் ஒவ்வொரு புடைப்பும் தனித்தனி உருளை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னப் பட்டை, புடைப்புகள் சேரும் இடத்தில் தனிக்கறுப்பு. அதில் மல்லிகைச் சரம் இருந்தால் தூய வெள்ளை வைக்காதீர்கள், பக்கத்தில் நாம் பாடுபட்டு வைத்த மினுக்கம் அத்தனையும் மங்கிவிடும். தந்த நிறமே அங்கே வெள்ளையாகத் தெரியும். கொலு பொம்மைகளின் பளபளக்கும் எனாமல் கறுப்பைக் குறையாகச் சொல்லவில்லை, அது அந்தக் கலையின் மரபு. தத்ரூபம் அதன் நோக்கமும் அல்ல.

எல்லாம் முடிந்தபின் பாதுகாப்புக்குப் பூசும் வார்னிஷில்தான் கடைசி ஆபத்து. மழைக்கால ஈரக்காற்றில் மேட் (பளபளப்பில்லாத) ஸ்பிரே அடித்தால் வெண்மூட்டம் படியும், கறுப்பில்தான் அது முதலில் பல்லிளிக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் தூரிகையால் பூசுவதே பாதுகாப்பு. 75 மி.மீ.க்கு மேற்பட்ட உருவத்தில் முடிக்கு மட்டும் சாட்டின் (அரைப்பளபளப்பு) கொடுக்கலாம். 28 மி.மீ.யில் முழுவதும் மேட்டாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் அறைவிளக்கின் உண்மையான பளபளப்பு நாம் வரைந்த பளபளப்போடு சண்டை போடும். கிளாஸ் (முழுப்பளபளப்பு) பூசினால் குளித்துவிட்டு வந்த தலைதான்.

வார்னிஷ் குப்பியைத் திறக்குமுன் உருவத்தை மொபைலில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பட்டையைத் தவிர்த்த முடி முழுவதும் முகத்தின் ஆழமான நிழலைவிட இருண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு கிளேஸ்.