எச்சிலில் பரவாத எச்.ஐ.வி. ஈறில் எப்படித் தெரிகிறது?

எச்.ஐ.வி. டெஸ்ட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், ஊசிகூட வேண்டாம், ஈறில் ஒரு குச்சியை ஓட்டி எடுத்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். "எச்சில்ல பரவாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் வாய்ல வச்சா மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். ரொம்ப நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கிட்டை மட்டும் கையில் கொடுத்தால், ஒன்று ரிசல்ட்டை நம்ப மாட்டார்கள், இல்லையென்றால் ஒரே தம்ளரில் தண்ணீர் குடிக்கவும் பயப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் குச்சி தேடுவது வைரஸை அல்ல. வைரஸ் உள்ளே வந்த பிறகு அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகளைத்தான் தேடுகிறது. அவை ரத்தத்தில் ஓடுகின்றன. ஈறோரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் திரவத்தில் கொஞ்சம் கலந்து வருகின்றன. மேல் ஈறு, கீழ் ஈறு இரண்டின் வெளிப்பக்கத்திலும் ஒருமுறை ஓட்டச் சொல்வது அதற்காகத்தான். பிறகு குச்சியைச் சின்னக் குப்பியில் உள்ள திரவத்தில் நிறுத்தினால், திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல ஈரம் பட்டையில் ஏறும். வழியில் ஓரிடத்தில், ஆய்வகத்தில் செய்த வைரஸ் புரதத் துண்டுகளைக் கோடாகப் பதித்திருப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் அதோடு ஒட்டிச் சேரச் சேர, சிவப்பாக 'டி' கோடு தெரியும். 'சி' கோடு டெஸ்ட் ஒழுங்காக நடந்ததா என்று சொல்வதற்கு மட்டும். அது வராவிட்டால் அந்தக் கிட் செல்லாது. 20 நிமிடத்துக்கு முன்னால் பார்க்கக்கூடாது, 40 நிமிடத்துக்குப் பிறகும் பார்க்கக்கூடாது. 'டி' கோடு மங்கலாக, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி இருந்தாலும் அது கோடுதான்.

சரி, மக்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்களா? மலாவியின் பிளாண்டயர் நகரில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 283 பேரில் 260 பேர் தாங்களே செய்துகொள்கிறோம் என்றார்கள். பத்தில் ஒருவருக்குக் கூடுதல் உதவி தேவைப்பட்டது, ஆனாலும் ரிசல்ட் 99 சதவீதம் சரியாக இருந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது கென்யாவின் கிசுமுவில் நடந்த ஆய்வு. கர்ப்பிணிகள், பிரசவமான பெண்கள் சிலரிடம் கிட்டையே கொடுத்து அனுப்பினார்கள், மற்றவர்களிடம் கணவரை டெஸ்ட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் போன வீடுகளில் மூன்று மாதத்தில் பாதிப் பேர்தான் டெஸ்ட் செய்தார்கள், கிட் போன வீடுகளில் பத்தில் ஒன்பது பேர். அந்த ஆண்கள் பயந்தது டெஸ்ட்டுக்கு இல்லை, கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களே என்பதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2016 டிசம்பரில் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது.

ஆனால் ரிசல்ட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரிய வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ள 2012-இல் அமெரிக்கா முதன்முதலில் அனுமதித்த ஈறு டெஸ்ட்டில், தொற்று இருக்கிற 12 பேரில் ஒருவருக்கு 'இல்லை' என்று வந்தது. தொற்று இல்லாத 5,000 பேரில் ஒருவருக்கு 'இருக்கலாம்' என்று வந்தது. இரண்டாவது எண் சின்னதுதானே என்று தோன்றும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே தொற்று உள்ள ஓர் ஊரில் எல்லோரும் டெஸ்ட் செய்தால், உண்மையான பாசிட்டிவ் ஒன்று, பொய்யான பாசிட்டிவ் இரண்டு வரும்! அதனால் இரண்டு கோடு வந்தால் அதை முடிவாக எடுக்கக்கூடாது, கிளினிக்கில் வேறு டெஸ்ட்டுகள் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள். 'சி' கோடு மட்டும் வந்தாலும், அதை நம்ப, சந்தேகப்படுகிற சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் ஆன்டிபாடி போதுமான அளவு உருவாகாமல் இருக்கலாம், இதைத்தான் விண்டோ பீரியட் என்கிறார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை ஏற்கெனவே எடுப்பவர்கள் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம், தொற்று இருந்தும் 'இல்லை' என்று காட்டக்கூடும்.

தனியாக இருக்கும்போது பாசிட்டிவ் வந்தால் என்ன செய்துகொள்வார்களோ என்ற பயம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட விபரீதங்கள் அரிதாகவே பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சதவீதம் உதவாது. அந்த நேரத்திலும் ஆள் எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பர், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இல்லாமல், பெட்டியின் மேலேயே பெரிதாக இருக்க வேண்டும்.