எக்செல் கோப்பைத் தரவுத்தளம் என்று அழைக்காதீர்கள்

மீண்டும் அதே அழைப்பு. வாடிக்கையாளர் பட்டியலை யாரோ அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் இடம் மாறின. தொலைபேசி எண்களும் பாக்கித் தொகைகளும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அப்படியே சேமித்தும் விட்டார்கள். பணம் கட்டி முடித்தவருக்கு நினைவூட்டல் போயிருக்கிறது. கட்டாதவர் நிம்மதியாக இருக்கிறார். சரியான பிரதி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், ஆளுக்கொரு கோப்பை அனுப்புகிறார்கள். எல்லாவற்றின் பெயரிலும் ‘இறுதி’ என்ற சொல் இருக்கிறது.

தரவுத்தள மேலாண்மை அமைப்பு என்று பேச்செடுத்தாலே, “எங்களுடையது சிறிய நிறுவனம், அவ்வளவு தரவு இல்லையே” என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அது தரவைக் கொட்டி வைக்கும் கிடங்கு என்று யார் சொன்னது? எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது, யார் எதைத் திருத்தலாம் என்ற விதிகளைக் காக்கும் மென்பொருள் அது. ஒருவர் மட்டுமே கையாளும் பெரிய பட்டியலுக்கு எக்செல் போதும். நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். சில நூறு வாடிக்கையாளர்கள்தான் என்றாலும், அவர்களின் கணக்கில் பலர் கை வைக்கிறார்கள் என்றால் போதாது.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கோவிட் தொற்று உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டிருந்தது தெரியவந்தது. எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வடிவக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை காணாமல் போயின. இதைச் சொன்னால், “அது பெரிய தரவு அல்லவா?” என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறார்கள். அவை சத்தமில்லாமல் விடுபட்டதைப் பாருங்கள் ஐயா! ஒழுங்காக அமைத்த தரவுத்தளம், ஏற்க முடியாததை ஏற்க மறுத்துப் பிழைச் செய்தி காட்டும். அந்த மறுப்புக்காகத்தான் அதை வாங்கச் சொல்கிறேன். வாங்கக்கூட வேண்டாம், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒழுங்காக அமைத்த தரவுத்தளத்தில் ஒரே பில் எண் இருமுறை பதிவாகாது. இல்லாத வாடிக்கையாளரின் பெயரில் ஆர்டர் ஏறாது. விற்பனையைப் பதிந்து சரக்கிருப்பைக் குறைப்பதற்குள் மின்சாரம் போனால், பாதி வேலை கணக்கில் தங்காது. அடுக்குவதோ பார்வைக்கு மட்டும். ஒருவரின் பெயரும் அவருடைய பாக்கியும் பிரியாது. கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது, புதுமையே அல்ல.

ஆனால் விதிகளைச் சொன்னால்தான் அது காக்கும். எண், தேதி என்று பிரிக்காமல் எல்லா நெடுவரிசைகளையும் வெறும் எழுத்து வகையாக வைத்து, ஒரு கட்டுப்பாடும் போடாமல் ஒப்படைத்துவிட்டுப் போகும் எங்கள் துறையினரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மாறுவதற்கு முன் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டல்களில் இருப்பார். எல்லோருக்கும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். பேக்கப்பை அதே கணினியில் வைக்காதீர்கள். அவ்வப்போது வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காததை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: புதிய அமைப்பு ஓடத் தொடங்கிய அன்றே பழைய கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். ‘அவசரத்துக்கு’ என்று ஒருவர் அதில் ஒரு வரி பதிந்தாலும், அடுத்த வாரம் உங்களிடம் இரண்டு கணக்குகள் இருக்கும்.